மோதியவன் வினையும் வீழ்ந்தவன் வினையும்

உயிர்கள் தாம் செய்த வினையின் பயனைத் தாமே நுகரும் என்பதும், அறிவில்லாத வினை தானே சென்று உயிரைப் பற்றமாட்டாமையின் அதனை அறிந்து கூட்டுதற்கு ஒரு முதல்வன் வேண்டும் என்பதும் சித்தாந்த சைவர் யாவர்க்கும் ஒப்ப முடிந்தன. அவற்றை நிறுவுதல் ஈண்டு எம் கருத்தன்று. அவ்வுண்மைகளை உடன்பட்ட ஒருவர், பிறனொருவனால் தமக்கு இழைக்கப்பட்ட தீங்கைக் குறித்து எங்ஙனம் எண்ணுதல் வேண்டும், யாது செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப் புகுவது. 'வந்தது என் வினை' என்று அமைந்து ஒழிவதா? 'செய்தவன் அவன்' என்று அறங்கூறவையம் ஏறுவதா? இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்றல் கூடுமா? அன்பர் பலர் எம்மை வினவியும், எம்மொடு வழக்கிட்டும் வந்தமையின் இதனை எழுதத் துணிந்தோம்.

இதற்கு எடுத்துக்காட்டு நெடுந்தொலைவு சென்று தேட வேண்டுவதன்று. சாலையிற் செல்வான் ஒருவனை மோட்டார் வண்டியால் மோதி வீழ்த்திவிட்டு நில்லாது ஓடிவிடுதல் இக்காலத்து நாள்தோறும் நிகழ்வது. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துக்கள் 4,61,312. மாண்டோர் 1,68,491 பேர். இவற்றுள் மோதிவிட்டு ஓடியவை 67,387; அவற்றால் மாண்டோர் 30,486 பேர். இறந்தாருள் ஆறில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தம்மை வீழ்த்தியவன் இன்னான் என்று நின்று காட்டாமலே மறைந்துபோக, உயிர் நீத்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

மோட்டார் வண்டி தோன்றிய நாள்தொட்டே மிதிவண்டிக்கும் அதற்கும் இப்பகை உண்டு. 1896-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் நியூயார்க்கு நகரத்தில், என்றி வெல்சு என்பார் செலுத்திய மோட்டார் வண்டி மிதிவண்டியில் வந்த ஒரு பெண்மணிமேல் மோத, அவர் காலெலும்பு முறிந்தது. அமெரிக்க நாட்டில் முதன்முதல் நிகழ்ந்த மோட்டார் விபத்து என்று இதனையே பலரும் எடுத்துக் கூறுவர். அன்று வண்டி செலுத்தியவர் அவ்விரவைச் சிறையிற் கழித்தார். இன்றோ வண்டிகள் பெருகின, விரைவும் பெருகிற்று, ஓடி மறைதற்குச் சாலைகளும் பெருகின.

மதுரையைச் சூழ்ந்த மருதநிலத்தில் மிதிவண்டியை நம்பி வாழ்வார் யாவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் நகரத்துக்குப் பால் கொணர்வார், மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை கொணர்வார், கொத்து வேலைக்கும் வயல் வேலைக்கும் செல்வார் ஆகிய எளியோரே பலர். தைத் திங்களிற் பழனிக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டமும் இரவெல்லாம் இச்சாலைகளின் ஓரத்தையே பற்றிச் செல்கின்றது. இவர்களுக்கு இரும்புக்கூடு இல்லை, காற்றுப்பையும் இல்லை. வண்டியோட்டியின் கண்ணும் நெஞ்சுமே இவர்க்குக் காவல்.

இவ்வழியில் எமக்கும் ஒன்று நிகழ்ந்தது. மார்கழித் திங்களில் ஒருநாள் வைகறையில், திருவெம்பாவை விரிவுரையின் பொருட்டு ஒத்தக்கடையினின்றும் திருமோகூர் வழியாகத் திருவாதவூர்க்கு மிதிவண்டியிற் சென்றுகொண்டிருந்தோம். யானைமலை பின்னே பனியில் மறைந்திருந்தது. சாலையின் இடப்புற ஓரத்தில், விளக்கும் எரிய, மெல்லச் சென்ற எம்மைப் பின்னிருந்து வந்த மோட்டார் வண்டியொன்று மோதிற்று. வயலோரத்துச் சரிவில் வீழ்ந்தோம். வீழ்ந்தவாறே தலையெடுத்து நோக்கியபோது, சிறிது தொலைவில் அவ்வண்டியின் பின்விளக்குகள் செந்நிறமாய் எரிந்தன. வண்டி நின்றது போலத் தோன்றிற்று. ஒருவன் ஐந்தெழுத்தை ஒருமுறை ஓதும் அளவே இருக்கும். பின்னர் அவ்விளக்குகள் அவிந்தன. வண்டி விரைந்து மறைந்தது. எண் பலகையின் ஈற்றிலிருந்த இரண்டு எண்களே எம் கண்ணிற் பட்டன.

அவ்வழியே பாற்குடங்களுடன் வந்த ஒருவர் தம் வண்டியை நிறுத்தி, எம் தலையைத் தம் துண்டினால் தாங்கி, 108 ஊர்தியை அழைத்து, அது வருந்துணையும் அகலாதிருந்தார். அன்று அவருடைய பாலிற் பாதி திரிந்துபோயிற்று எனப் பின்னர்க் கேள்வியுற்றோம். காறையெலும்பு ஒன்றும் விலாவெலும்பு இரண்டும் முறிந்தன, ஆறு வாரம் கையைத் தூக்கிக் கட்டியிருந்தோம், திருவருளால் உய்ந்தோம்.

எம்மைக் காண வந்த அன்பர்கள் மூவகையாகக் கூறினர். முதலாமவர், "இது தங்கள் பிராரத்தம், நுகர்ந்து கழிந்தது. சைவர் ஒருவர் காவல் நிலையம் ஏறி ஒருவன்மேற் குறை கூறுதல் தகாது" என்றார். இரண்டாமவர், "பக்கத்தூர்ச் செல்வர் ஒருவருடைய வண்டியே அது, நிறமும் ஒக்கின்றது. அவர் பெயரைக் கூறுக, யாங்கள் சான்றாவோம்" என்றார். மூன்றாமவராகிய இளைஞர், "அவன் நின்றிருப்பானாயின் ஊரார் கூடி அவன் கைகால்களை முறித்திருப்பர், தப்பினான்" என்றார். இம்மூன்று கூற்றுள்ளும் இவ்வாராய்ச்சிக்கு வேண்டுவன எல்லாம் அடங்கியுள்ளன. ஆதலின் அவற்றை முறையே எடுத்துக்கொள்வோம்.

முதற் கூற்றிற் பாதி மெய். எமக்கு வந்த நோவு எம் வினைப்பயனே. அதிற் சிறிதும் ஐயமில்லை. மற்றைப் பாதியே ஆராய்தற்குரியது. வீழ்ந்தவனுக்கு அது நுகர்வினை ஆயினமையால் மோதியவனுக்கு அது வினையே அன்று என்பது அக்கூற்றின் உட்கிடை. இது சித்தாந்தம் அன்று. ஒரு செயல், அதனை ஏற்றுக்கொள்வான் பக்கத்தில் நின்று நோக்குவார்க்குப் பிராரத்தம். செய்வான் பக்கத்தில் நின்று நோக்குவார்க்கு ஆகாமியம். ஒரே நாணயம் கொடுப்பான் கணக்கிற் செலவாகவும் கொள்வான் கணக்கில் வரவாகவும் எழுதப்படுமன்றோ? ஒருவர் ஏட்டில் எழுதியது கொண்டு மற்றவர் ஏட்டை அழித்தல் கூடாது.

அற்றேல், முதல்வனே வினையை ஊட்டுகின்றான். வண்டியோட்டி அவன் கையிற் கருவியாயினான். கருவிக்குக் குற்றம் உண்டோ எனின், கூறுதும். திருவிளையாடற் புராணத்துப் பழியஞ்சின படலம் இவ்வையத்தை அறுப்பது. திருப்புத்தூரினின்றும் மதுரைக்கு வந்த அந்தணன் ஒருவன், மனைவியை ஓர் ஆலமரத்து நிழலில் இருத்தித் தண்ணீர் கொணரச் சென்றான். முன்னொருகால் எவனோ எய்து அம்மரத்திற் சிக்கிக் கிடந்த அம்பு, காற்றால் அசைந்து வீழ்ந்து அவள் வயிற்றிற் பாய, அவள் இறந்தாள். வில்லும் அம்புமாய் அம்மரத்தின் மறுபுறத்தில் இளைப்பாறிய வேடனை அந்தணன் பற்றிக் குலோத்துங்க பாண்டியன்முன் கொணர்ந்தான். உண்மை துணியமாட்டாத அரசன் சொக்கலிங்கப் பெருமானை வேண்ட, அவன் கேட்குமாறு காலதூதர் இருவர் ஒரு மணவீட்டிற் பேசிக்கொண்டனர். நோயின்றி இருக்கும் மணமகனை எங்ஙனம் கவர்வது என்று ஒருவன் வினவ, காற்றாலே அம்பு வீழ்ந்து பார்ப்பனி இறந்தாற்போல, மணமுழக்கிற்கு வெருண்டு கட்டறுத்து ஓடிவரும் பசுவால் இவன் இறப்பான் என்று மற்றவன் விடுத்தான். அவ்வாறே ஆயிற்று.

இதனால் அறியத்தக்கது யாது? வினையை ஊட்டும் முதல்வனுக்குக் கருவிப் பஞ்சம் இல்லை என்பது. காற்றும் அம்பும் பசுவும் கல்லும் பள்ளமும் அவனுக்குக் கருவிகளே. ஒருவனுடைய வினையைக் கழித்தற்கு மற்றொருவனுடைய மடியும் கொடுமையும் அவனுக்கு இன்றியமையாதன அல்ல. 'யான் மோதாவிடினும் அவன் வீழ்ந்தேயிருப்பான்' என்று வண்டியோட்டி கூறுவானாயின், 'அங்ஙனமாயின் நீ மோதவேண்டியதில்லையே' என்பதே அவனுக்கு விடை. அம்புக்கும் பசுவுக்கும் விதிவிலக்குக்கள் கூறப்படவில்லை, மக்களுக்கே கூறப்பட்டன. என்னை? ஆராய்ந்து செய்தலும் தவிர்தலும் மக்கட்கே உரியவாகலின்.

இன்னும் ஒன்று. பிறனுடைய பிராரத்தம் இஃதென்று நிகழுமுன் அறிவார் யாருமில்லை. அறியப்படாத ஒன்று செய்வானுக்குப் பிரமாணமாதல் யாங்ஙனம்? நமக்குப் பிரமாணம் நூலும் அருளுமே. மற்றவனுடைய தலையெழுத்து அன்று. பாற்குடத்தோடு வந்த அன்பரை நோக்குக. வீழ்ந்தது எம் வினையாயின், தூக்கப்பெற்றதும் எம் வினையே. அதுபற்றி, 'நும் செயல் எம் நல்வினைப்பயன். நுமக்கு அதிற் பங்கில்லை' என்று கூறி அவர்க்கு நன்றி பாராட்டாதொழிந்தால் அதனை எவரேனும் ஒப்புவரோ? தாங்கியவர்க்குப் புண்ணியம் உண்டென்று உடன்படுவார், மோதிவிட்டு ஓடியவனுக்குப் பாவம் உண்டென்பதையும் உடன்பட்டே தீர்தல் வேண்டும். திருவள்ளுவரும் ஊழ் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலின் ஈற்றில் வைத்தபின்னரே, பொருட்பாலிற் செங்கோன்மையையும் ஆள்வினையுடைமையையும் வகுத்தார். ஊழை நன்கறிந்தார்க்கு அது பிறர் கடமையையோ தம் கடமையையோ அழிப்பதன்று என்பதற்கு அவ்வைப்பு முறையே கரி.

இனி, வண்டியோட்டி செய்தது ஒரு செயலன்று, இரண்டு செயல்கள் என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். மோதியது ஒன்று, ஓடியது ஒன்று. முன்னையது பனியாலோ, உறக்கக் கலக்கத்தாலோ, கவனக்குறைவாலோ நேர்ந்திருக்கலாம். அதன்கண் கருத்தில்லை; குறையுண்டு. பின்னையதன்கண் கருத்து முழுவதும் உண்டு. அச்செவ்விளக்கு எரிந்த சிறுபொழுதை மீண்டும் மீண்டும் நினைந்து பார்த்தோம். அதுகாறும் நிகழ்ந்தவற்றில் பெரும்பகுதி இருவருடைய பழவினையின் ஓட்டம் எனலாம். அச்சிறுபொழுதோ முற்றும் அவனுடையது. நின்றவன் இறங்கலாம்; நின்றவன் ஓடலாம். அவன் ஓடுதலைத் தேர்ந்தான். விளக்கு அவிந்தபோதே ஏறுவினை ஏறிற்று.

இவ்வேறுபாட்டை நம் பெரியோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு மதுரையிலே ஒரு சான்றுண்டு. வரகுண பாண்டியன் வேட்டையாடி மீளுங்கால், வழியிற் கண்துயின்று கிடந்த அந்தணன் ஒருவன் அவன் ஊர்ந்த குதிரையின் குளம்பால் மிதியுண்டு இறந்தான். அரசனோ அதனை அறியாது நகர் புக்கான். கண்டோர் அவ்வுடலை அரண்மனை வாயிலிற் கொணர்ந்து உணர்த்தினர். அரசன் என் செய்தான்? 'யான் அறியேன்' என்று கூறி ஒதுங்கினானல்லன். 'இருளிற் பாதையிற் கிடந்தவன் குற்றம்' என்று வழக்காடினானல்லன். பொன் கொடுத்து ஈமக்கடன் செய்வித்தான். ஆயினும் பழி அவனை விட்டிலது. தானமும் கழுவாயும் பல செய்தும் தீர்ந்திலது. சொக்கலிங்கப் பெருமான் அருளியவாறு, போருக்கு வந்து புறங்கொடுத்த சோழனைத் துரத்திச் சென்று திருவிடைமருதூரை அடைந்து, திருக்கோயிலின் கீழை வாயில் வழியே புக்கபோது அப்பழி அவ்வாயிலிலேயே நின்றுவிட்டது. அரசன் மேலை வாயில் வழியே வெளிப்பட்டான்.

அறியாது செய்த அரசனையே வினை இங்ஙனம் தொடர்ந்ததாயின், அறிந்து, நின்று, திரும்பி நோக்கி, ஓடியவனைத் தொடராதொழியுமோ? பொன் கொடுத்தமை மாத்திரையால் வரகுணனுக்குப் பழி நீங்காமையையும் நோக்குக. காப்புறுதிக் கழகம் பணங்கொடுத்துவிடும் என்று நெஞ்சாறியிருப்பார்க்கு அஃதோர் எச்சரிக்கை. பணம் வீழ்ந்தவனுடைய மருந்துக்கு உதவும். வீழ்த்தியவனுடைய நெஞ்சுக்கு உதவாது.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் மைந்தன் செலுத்திய தேர்க்காலில் ஆன்கன்று புகுந்து இறந்த வரலாறு யாவரும் அறிந்ததே. ஆண்டும் நாம் பெரும்பாலும் அரசனுடைய செங்கோன்மையையே வியக்கின்றோம். மைந்தன் செய்ததனை நினைப்பதில்லை. அவன் தேரைச் செலுத்திக்கொண்டு போய்விடவில்லை. இறங்கினான், கன்றைக் கண்டு கலங்கி அழுதான், இதற்குக் கழுவாய் உண்டாயின் செய்வேன் என்று அந்தணரை நாடிச் சென்றான். தந்தை அறியுமுன்னரே அதனைச் செய்துமுடித்தல் வேண்டும் என அவன் எண்ணியதாகச் சேக்கிழார் பெருமான் கூறியருளினார். அஞ்சிய இளமனத்தின் இயல்பு அது. எனினும் அவ்வச்சம் அவனைப் பரிகாரத்தை நோக்கி ஓடச் செய்ததேயன்றி, பரிகாரத்தினின்றும் ஓடச் செய்யவில்லை. அரசிளங்குமரன் தேரினின்றும் இறங்கினான். இக்காலத்துச் சாரதி இறங்க மறுக்கின்றான். இவ்விரண்டற்கும் இடையே உள்ளது தேரின் வேற்றுமையன்று, நெஞ்சின் வேற்றுமை.

ஓடியவன் சார்பிலும் ஒன்று கூறுவார் உளர். அவன் கொடியவனல்லன், அஞ்சினவன்; நின்றால் ஊரார் அடித்துக் கொன்றுவிடுவர் என்று ஓடினான் என்பர். மூன்றாமவராகிய இளைஞர் கூற்றே இதற்குச் சான்றாதலின் இதனைப் புறக்கணித்தல் முறையன்று. அரசியல் நூலும் இதனை எண்ணியிருக்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, விபத்து நேர்ந்தவழி வண்டியோட்டி அடிபட்டவனுக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. கூட்டத்தின் வெகுளியால் அங்ஙனம் செய்தல் இயலாதாயின் அதனை ஒரு தடையாக ஏற்றும் கொள்கின்றது. ஆயினும் காவல் நிலையத்துக்கு விரைவிலும், எவ்வாற்றானும் 24 மணி நேரத்துக்குள்ளும், நிகழ்ந்ததைத் தெரிவித்தல் வேண்டும் என்பது அப்பிரிவின் விதி. ஆகவே அஞ்சி ஓடுவானுக்கும் ஒரு திசை உண்டு. அது காவல் நிலையம் இருக்கும் திசை. எம்மை மோதியவன் ஓடிய சாலையில், பால் கறக்க எழுந்த ஓரிருவரன்றி அந்நேரத்து யாருமில்லை. கூட்டம் இல்லாத இடத்திற் கூட்டத்துக்கு அஞ்சினேன் என்றல் சாலாது. அதுவேயுமன்றி, அடுத்த நாள் கூட்டமும் இல்லை, பனியும் இல்லை. காவல் நிலையம் இருந்தது.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தை 2024-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாள் ஏற்ற புதிய சட்டம், கவனக்குறைவால் உயிர்போக்கியவனுக்கு ஐந்தாண்டு வரையும், அங்ஙனம் செய்து அறிவியாது ஓடிய வண்டியோட்டிக்குப் பத்தாண்டு வரையும் சிறை வகுத்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் பாரவண்டி ஓட்டுநர் பலர் இதனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஓடுவார்க்குரிய அவ்வுட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. மோதுதலினும் ஓடுதலே பெருங்குற்றம் என்று அச்சட்டம் இயற்றினார் கருதியமை எம் கருத்தோடு ஒத்ததே. எனினும் அவ்வோட்டுநர் கூறியதையும் செவிகொடுத்துக் கேட்டல் அறமாகும். அடிக்கும் கூட்டம் உள்ளவரை நிற்கும் ஓட்டுநர் அரியராவர். ஓடுவானைப் பழிக்கும் ஊரார், நிற்பவனை அடிப்பாராயின், அடுத்தவனை ஓடுமாறு பயிற்றுவாரும் அவரேயாவர். ஆலமரத்தடியில் நின்ற வேடனை நினைக. அவன் ஒரு கூட்டத்தின் கையில் அகப்பட்டிருந்தால் பாண்டியன் அவைக்கு வந்திருப்பானா? குற்றமற்ற அவன் பிணமே அவ்வழியிற் கிடந்திருக்கும்.

இரண்டாமவர் கூற்றுக்கும் அவ்வேடனே விடையாகின்றான். நிறம் ஒத்தது, பக்கத்தூரினது, செல்வர் செருக்குடையார் என்பனவெல்லாம் வேடன் கையில் இருந்த வில்லைப் போல்வன. வில் இருந்தமையால் எய்தவன் அவனே ஆகிவிடான். அங்ஙனம் துணிதற்கு அஞ்சியமையாலன்றோ அப்படலம் பழியஞ்சின படலம் எனப் பெயர்பெற்றது? காவலர் வந்து வினவியபோது யாம் கண்ட இரண்டு எண்களையும், வண்டி வந்த திசையையும், சென்ற திசையையும், செவ்விளக்கு எரிந்து அவிந்ததனையுமே கூறினோம். பெயர் ஒன்றும் கூறினோமல்லோம். அதுபற்றி அவ்வன்பர் எம்மேற் சினந்தார்; இன்றும் முன்போல் எம்மொடு பேசுவதில்லை. அடிபட்டவனுக்கு ஒரு தனி அதிகாரம் பிறந்துவிடுகின்றது என்றும், அவன் யாரைச் சுட்டினும் உலகம் நம்பும் என்றும் அன்று கண்டோம். அவ்வதிகாரம் மிகவும் அஞ்சத்தக்கது. பிறன் வினையால் நுகர்ச்சி எய்திய ஒருவன், காணாததைக் கண்டதாகக் கூறுவானாயின், முறிந்த எலும்பு கூடுமுன்னே புதியதோர் ஏறுவினையைத் தானே ஈட்டிக்கொள்வான்.

இனி முதற் கூற்றின் எஞ்சிய பகுதியாகிய, குறை கூறுதல் சைவர்க்குத் தகுமோ என்பதை ஆராய்வோம். குறை கூறுதலும் பகை கொள்ளுதலும் ஒன்றென மயங்கியமையே இவ்வினாவுக்குக் காரணம். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ச் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் இதனைத் தெளிவிக்கின்றார். சொல்வழி நில்லாத மக்களைத் தாய்தந்தையர் உறுக்கி அடித்தலும் அன்பேயாதல் போல இறைவன் ஒறுத்தலும் கருணையே என்பதும், உலகத்து அரசன் தண்டித்தலும் அவ்விறைவன் அருள்வழியதே என்பதும், அத்தண்டத்தை ஏற்றுப் பின்னர் நெறிவழி நடப்பார் நிரயம் புகார் என்பதும் ஆண்டுப் பெறப்படும். இதனை மறக்கருணை என்பர் ஆன்றோர்.

இவ்வுண்மையை நமது வழக்கிற் பொருத்திக் காண்க. ஓடியவன் தான் தண்டத்தினின்றும் தப்பினதாக எண்ணுகின்றான். சித்தாந்த நோக்கில் அவன் மருந்தினின்றும் தப்பினான். இம்மையிற் சில திங்கள் சிறையாலும் சிறிது பொருளாலும் தீர்தற்குரிய ஒன்றை, வட்டியோடு பெருகுமாறு மறுமைக்கு எடுத்துச் சென்றான். எனவே, கண்டதைக் காவலர்க்கு உள்ளவாறு அறிவித்தல் அவனுக்குச் செய்யும் தீங்கன்று. அவன் உடன்படினும் படாவிடினும் அவனுக்குச் செய்யும் நன்மையே. அறிவியாதொழிதல் பொறுமை போலத் தோன்றினும், அவனுடைய நோயை அவனோடே விட்டு, அடுத்த வைகறையில் அச்சாலையிற் செல்லும் பூக்காரியையும் பாற்காரரையும் அவன் வண்டிக்கு எதிரே விடுதலாய் முடியும். தமக்கு வந்ததைப் பொறுத்தல் தவம். பிறர்க்கு வரவிருப்பதைப் பொறுத்தல் தவமன்று.

அற்றேல், வீழ்ந்தவன் 'என் வினை' என்று எண்ணுதலாற் பயன் யாது எனின், பெரும்பயன் உண்டு. அவ்வெண்ணம் சினத்தை அறுக்கும் வாள். நோவு மிகுந்த இரவுகளில், கண்ணறியாத ஒருவனை நெஞ்சில் நிறுத்தி வைதுகொண்டிருத்தல் மிக எளிது. வைதலால் எலும்பு கூடுவதில்லை, வினையே கூடும். பிராரத்தத்தை நுகருங்கால் விருப்பு வெறுப்புக் கொள்ளுதலே ஆகாமியத்துக்கு வாயில் என்பது நூற்றுணிபு. 'இது என் வினை. முதல்வன் அறிந்து ஊட்டினான். உயிரை வைத்து ஊட்டினான்' என்று எண்ணுங்கால் அவ்வாயில் அடைபடும். ஆகவே ஊழுண்மை வீழ்ந்தவன் தன் நெஞ்சுக்குக் கூறிக்கொள்ளும் மருந்து. அதனை மோதியவன் எடுத்துத் தனக்குக் கேடயமாகப் பிடித்தல் திருட்டு. அயலார் எடுத்து வீழ்ந்தவன் வாயை அடைத்தல் வன்மை. ஒரே உண்மை, உரியவன் கையில் அமுதாகி, உரியனல்லாதான் கையில் நஞ்சாகின்றது.

இதுகாறுங் கூறியவாற்றால், 'வந்தது என் வினை' என்பதும் 'செய்தவன் அவன்' என்பதும் தம்முள் மாறுபடாமை விளங்கும். முன்னையதை நெஞ்சில் வைத்துக் காவல் நிலையம் செல்லுதல் வேண்டும். பின்னையதைக் காவல் நிலையத்தில் வைத்து வெறுநெஞ்சோடு திரும்புதல் வேண்டும்.

திருமடங்களையும் திருக்கோயில்களையும் சார்ந்த பெருமக்கட்கு ஒரு விண்ணப்பம். இக்காலத்து மடங்களிலும் மோட்டார் வண்டிகள் உள்ளன. விழாக்கட்கும் விரிவுரைகட்கும் அவை இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றைச் செலுத்தும் அன்பர்க்குத் திருநீறு அளிக்கும்போதே இரண்டு சொற்களையும் அளித்தல் வேண்டும். 'நேரம் தாழ்த்தினும் தாழ்க்க, விரைய வேண்டா' என்பது ஒன்று. 'தப்பித்தவறி ஏதேனும் நேருமாயின் நிற்க. மடத்தின் பெயர்க்கு இழுக்கு வருமென்று அஞ்சி ஓடற்க. யாம் நும்முடன் நிற்போம்' என்பது மற்றொன்று. ஓட்டுநர் பலர் ஓடுதற்குக் காரணம் கூட்டத்தின் அச்சம் மாத்திரமன்று. முதலாளி கைவிடுவான் என்னும் அச்சமும் ஆகும். அவ்வச்சத்தைப் போக்குதல் வண்டி உடையார் கடன். அடிபட்டானை எடுத்துச் செல்வார்க்குத் தொல்லை நேராதபடி 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் சட்டமே காப்பளித்துள்ளது. மோதியவன் அறியப்படாதவழி, இறந்தார் குடும்பத்துக்கு 2,00,000 ரூபாயும் பெருங்காயமுற்றார்க்கு 50,000 ரூபாயும் உதவும் திட்டம் 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் 1-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தறியாத எளியோர் பலர் இவற்றை அறியார். விரிவுரை கேட்க வருவார்க்கு இவற்றையும் எடுத்துரைத்தல் அறப்பணியேயாம்.

உடம்பு உயிர்க்கு இறைவன் வகுத்த இடம். அதனுள் இருந்தே அவனை அறிதல் வேண்டும். சாலையோரத்திற் செல்லும் எளியவன் ஒவ்வொருவனும் அத்தகைய இடமொன்றைச் சுமந்து செல்கின்றான். அதனைக் கண்டு விரைவைக் குறைப்பான் வழிபட்டவனாவான். தவறி வீழ்த்தியவழி இறங்கித் தாங்குவானும் வழிபட்டவனாவான். தாங்கும் கைகளை இறைவன் எங்கும் பெருக்கியருள்க.